பாதிச் சொத்து என்கிற பூச்சாண்டி

"டைவர்ஸ்னு போனா பாதிச் சொத்து அவளுக்குப் போயிடும்." மாப்பிள்ளை வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போதும், அலுவலக மதியச் சாப்பாட்டிலும், உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த வாக்கியம் சட்டப்புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல உலவுகிறது. சில இடங்களில் பாதி, முக்கால் ஆகிறது. எழுபது சதவீதம் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. தன் சொத்தையெல்லாம் தாயின் பெயரில் எழுதி வைத்திருந்ததால் மனைவிக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்தார் என்று ஒரு வெளிநாட்டுக் கால்பந்து வீரரைப் பற்றி வந்த கதை, உண்மையா பொய்யா என்று யாரும் பார்க்காமலே நம் ஊர் கைப்பேசிகளில் கைதட்டு வாங்கியது. இந்தப் பயத்தின் மேல்தான் இப்போது ஒரு தலைமுறையே தன் திருமண முடிவுகளை எடுக்கிறது.

பயத்துக்கு ஆதாரம் இல்லை. கணவர் பெயரில் இருக்கும் வீட்டிலோ நிலத்திலோ வங்கிக் கணக்கிலோ, விவாகரத்து ஆன காரணத்துக்காக மனைவிக்குப் பாதி கொடு என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. கோவாவைத் தவிர்த்தால் இந்தியாவின் எந்த மாநிலத்திலும் இல்லை. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டத்தின் வழியில், முன்கூட்டி வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது. அங்கே பாதி உண்டு. தாம்பரத்திலோ தேனியிலோ இருப்பவர் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இந்து திருமணச் சட்டம் 1955ஐ எடுத்துக்கொள்வோம். விவாகரத்துக்கான காரணங்கள் 13ஆவது பிரிவில் இருக்கின்றன. 1976இல் சேர்த்த 13பி பரஸ்பர சம்மத விவாகரத்தைச் சொல்கிறது. வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சம் 24இல், நிரந்தர ஜீவனாம்சம் 25இல். சொத்து என்று நேராகப் பேசுவது 27ஆவது பிரிவு ஒன்றுதான். அதுவும் எந்தச் சொத்து? திருமணத்தின்போது அல்லது அதையொட்டிப் பரிசாக வந்து, இருவருக்கும் பொதுவாக உள்ள சொத்து. கட்டில், பீரோ, மாமா வாங்கித் தந்த வண்டி, இருவர் பெயரும் போட்டு வந்த வெள்ளிக் குத்துவிளக்கு, இந்த ரகம். அதன்பின் இருபது ஆண்டு உழைத்துக் கட்டிய இரண்டு மாடி வீட்டைப் பங்கு போடுவது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது.

மற்ற மதத்தினர் கதையும் இதேதான். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணங்களுக்கான 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இரண்டும் ஜீவனாம்சம் பேசுகின்றன, பங்கு பேசவில்லை. முஸ்லிம் பெண்ணுக்கு மஹரும், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயமான எதிர்கால ஏற்பாடும் உண்டு. பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. எதிலும் பாதி இல்லை.

அப்படியானால் இந்தப் பாதி எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் வந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் திருமண காலத்தில் சேர்த்தது பொதுச் சொத்து. அங்கத்திய நடிகர்களின் விவாகரத்துச் செய்தியைப் படித்து நம் ஊர்ச் சட்டமும் அதுவே என்று நினைத்துக்கொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால், 2019இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் விவாகரத்தானபோதுகூட, தம்பதியிடம் இருந்த அமேசான் பங்குகளில் மனைவிக்குப் போனது கால்வாசி. பொதுச் சொத்து முறை உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள்!

"அப்போ கோடிக்கணக்கில் கொடுத்தார் என்று பேப்பரில் வருகிறதே?" நியாயமான கேள்வி. வருவது ஜீவனாம்சம். பிழைப்புக்கு வழியில்லாதவர், வழி உள்ள துணையிடம் கேட்பது அது. சொத்தில் உரிமையாளராக இருப்பவர் கேட்பது பங்கு. முன்னதில் இருவரின் வருமானம், தேவை, பிள்ளைகள், இதுவரை வாழ்ந்த நிலை எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி ஒரு தொகை சொல்வார். மனைவி நன்றாகச் சம்பாதித்தால் அந்தத் தொகை சிறுக்கும், இல்லாமலும் போகும். மறுமணம் செய்தால் நிரந்தர ஜீவனாம்ச உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ 25ஆவது பிரிவிலேயே வழி உண்டு. பங்குக்கு இப்படி யாராவது நிபந்தனை போடுவார்களா? இன்னொன்று, இந்து திருமணச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சத்தைக் கணவரும் கேட்கலாம். பாதிச் சொத்து போய்விடும் என்று புலம்பும் குழுக்களில் இதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

"சம்பளத்தில் 25 சதவீதம் கட்டாயம்" என்பது இதன் தம்பிக் கதை. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் கால்பங்கு நியாயம் என்று சொன்னது உண்மை. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றம் நிர்ணயித்த மாதம் 23,000 ரூபாயை 20,000ஆகக் குறைத்ததும் உண்மை. அந்தக் கணவர் மறுமணம் செய்து புதுக் குடும்பத்தையும் பார்க்க வேண்டியிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தொகையைக் குறைத்த தீர்ப்பு, ஆண்களைச் சூறையாடும் விதியாக ஊருக்குள் வந்து சேர்ந்தது.

2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது. வெளிநாட்டில் பெரும் தொழில் நடத்தும் ஒருவர் தன் முதல் மனைவிக்கு 500 கோடி கொடுத்தார், எனக்கும் அதே அளவு வேண்டும் என்று இரண்டாம் மனைவி கேட்டார். கணவரின் செல்வத்துக்குச் சமமாக மனைவியின் செல்வத்தை உயர்த்துவது ஜீவனாம்சத்தின் வேலையில்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிரிந்தபின் கணவர் ஓட்டாண்டியாகிவிட்டால் அப்போதும் இந்தச் சமத்துவத்தைக் கேட்பார்களா என்றும் கேட்டது. கடைசியில் கொடுக்கச் சொன்னது 12 கோடி. பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அந்தப் பணக்காரரின் சொத்தில் அது எத்தனையாவது பங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு விவகாரங்களுக்கு அந்த வழக்கு எந்த விதத்தில் அளவுகோல் ஆகும் என்பது தனிக் கேள்வி.

விவாகரத்தில் வீட்டையே எழுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது பரஸ்பர சம்மதத்தில் இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து பேசி முடித்தது. மாதாமாதம் கொடுப்பதற்குப் பதிலாக ஒரே தடவையில் ஃபிளாட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். ஜீவனாம்சம் ஒழுங்காக வருவதற்குக் கணவரின் அசையாச் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்றி வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்போதும் சொத்து அவருடையதுதான். கடனுக்கு அடமானம் கேட்ட வங்கியை வீட்டின் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை.

சரி, சட்டம் எதைப் பார்க்கிறது? பத்திரத்தைப் பார்க்கிறது. கிரயப் பத்திரத்தில் யார் பெயர், பணம் யார் கணக்கிலிருந்து போனது. இருவர் பெயரிலும் இருந்தால் போட்ட பணத்தின் விகிதப்படி உரிமை, அந்த விகிதத்துக்குச் சான்று இல்லாவிட்டால் சமம். நம் ஊரில் பாதி என்று ஒன்று உண்மையில் இருப்பது இந்த இடத்தில்தான், அதற்கும் விவாகரத்துக்கும் சம்பந்தமில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து மனை வாங்கினாலும் இதே விதி.

பத்திரத்தைப் பார்க்கிற சட்டம், நம் குடும்பங்களில் பணம் ஓடும் விதத்தோடு சேரும்போது யார் தோற்கிறார் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் அவர் பெயரில், ஏனென்றால் சம்பளம் அவருக்குக் கூடுதல், வரிச்சலுகையும் கிடைக்கும். தவணை அவர் கணக்கிலிருந்து மாதம் ஐந்தாம் தேதி தானாகப் போகும். அவள் சம்பளம் மளிகைக்கும், பாலுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கும், தீபாவளித் துணிக்கும் போகும். அவள் சம்பளம் இந்தச் செலவைத் தாங்காவிட்டால் அவரால் தவணை கட்டியிருக்க முடியாது. பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் அவர் போட்ட பணம் வீடாக நிற்கிறது, அவள் போட்ட பணத்தைக் குடும்பம் சாப்பிட்டுவிட்டது. வங்கி அறிக்கையில் அவள் வரிசையில் இருப்பது கடை பெயர்கள். குடும்ப நீதிமன்றத்தில் இதை வைத்து வீட்டில் உரிமை கேட்டுப் பாருங்கள்!

அடுத்தது நகை. தமிழ்நாட்டில் எத்தனை மனைகள் அடகு வைத்த நகையில் வாங்கப்பட்டன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை, ஆனால் அப்படி ஒரு மனையாவது இல்லாத சொந்தபந்தம் கிடையாது. "அட்வான்ஸ் கொடுக்கணும், வளையலைக் கொடு, ஆறே மாசத்தில் மீட்டுத் தந்துடறேன்." அடகுச் சீட்டு அவர் பெயரில். மீட்கப்படாத நகை ஏலத்துக்குப் போகும், மனைப் பத்திரத்தில் அவர் பெயர் ஏறும். சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பெண்ணின் சீதன நகை அவளுடைய முழு உரிமை, கணவரிடம் இருந்தால் அவர் அதைக் காத்துத் திருப்பித் தர வேண்டியவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. நடைமுறை எப்படி? கேரளத்தில் 2003இல் மணந்த ஒரு பெண்ணின் 89 பவுன், பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கப்பட்டு, புகுந்த வீட்டின் பழைய கடனுக்குப் போனது. குடும்ப நீதிமன்றம் 2011இல் அவள் பக்கம் தீர்ப்பு சொன்னது. உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. சீதனம் கணவனுக்கும் மனைவிக்கும் பொதுச் சொத்து ஆகாது என்று சொல்லி, 25 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரலில். தன் சொந்த நகையைத் திரும்பக் கேட்டவளுக்கு முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் மட்டும் பதின்மூன்று ஆண்டு. அந்த இடைவெளியில் பவுன் விலை எங்கே போனது என்பது வாசகர்களுக்கே தெரியும். இவள்தான் பாதிச் சொத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவளாம்.

கணவர் பெயரில் இருந்தாலும் என் பணத்தில் வாங்கியது என்று மனைவி வழக்குப் போட முடியும். தம்பதிக்குள் ஒருவர் பணத்தில் மற்றவர் பெயரில் வாங்குவதைப் பினாமி தடைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவள் அவள். கையில் கொடுத்த பணத்துக்கும் அடகு வைத்த வளையலுக்கும் எந்த ரசீதைக் காட்டுவாள்? புருஷனிடம் ரசீது கேட்கும் மனைவியை நம் ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி, "மாமனார் வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அந்தச் சட்டம் தருவது குடியிருக்கும் உரிமை. தம்பதி வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்க மருமகள் கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, இந்த உரிமை நிரந்தரமானது இல்லை, வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியும் கணக்கில் வரும் என்றும் சொன்னது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ஒரு எழுத்தும் மாறியிருக்காது. பூர்வீகச் சொத்திலும் மருமகளுக்குக் கணவர் உயிரோடிருக்கும்வரை பங்கு இல்லை. பிள்ளைகளுக்குப் பிறப்பால் உண்டு, பெண் பிள்ளைக்கும் சேர்த்து. தமிழ்நாடு இதை 1989இலேயே கொண்டுவந்தது. பேரப்பிள்ளைக்குப் போவதை மருமகள் கொண்டுபோனதாக எழுதும் வழக்கம் நமக்கு உண்டு.

விவாகரத்தால் பெண்ணுக்குச் சொத்து வருகிறது என்று நினைப்பவர்கள் வாரிசுரிமைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மனைவி முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளோடும் மாமியாரோடும் சம பங்கு. பத்து வருடம் பிரிந்து தாய் வீட்டில் இருந்தாலும் சட்டப்படி மனைவியாக இருக்கும்வரை அந்த உரிமை போகாது. விவாகரத்துத் தீர்ப்பு கையெழுத்தாகும் நாளில் போய்விடுகிறது. அரசு ஊழியரின் மனைவி என்றால் குடும்ப ஓய்வூதியமும் அதோடு போகும். ஐம்பது வயதுக்கு மேல் உள்ள பெண்கள் பலர் செத்துப்போன திருமணத்தைக்கூட விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்பதற்கு, பாசம் என்றும் பழிவாங்கல் என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். கணக்கு என்று சொல்லிப் பாருங்கள், புரியும். விவாகரத்து அவளுக்குச் சொத்தைத் தருமென்றால் அவளல்லவா முதலில் கையெழுத்துப் போட ஓடுவாள்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது சரியில்லை. வழக்குகள் வாய்தாவிலேயே வருடங்களைத் தின்கின்றன. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின்படி, 2020 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்குமான விதி. உத்தரவு வர மூன்று வருடம் ஆனால் மூன்று வருட நிலுவை ஒரே நாளில் தலையில் விழும். சாதாரணச் சம்பளக்காரருக்கு அது பெரிய அடி. இது நீதிமன்றங்களின் தாமதத்தால் வரும் துன்பம், இதற்குப் போராடினால் நானும் உடன் வருவேன். ஆனால் மனு போட்ட அன்றிலிருந்து அவளும் எதையாவது சாப்பிட்டுத்தானே இருந்திருப்பாள்?

பாதிச் சொத்துக்காரர்கள் கடைசியாக எடுத்துக்காட்டுவது நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை. 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம உரிமை உண்டு என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது விவாகரத்து வழக்கு இல்லை, சொத்துரிமை வழக்கு. மனைவியின் உழைப்பைப் பங்களிப்பாக அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதை நீதிபதியே அதில் பதிவு செய்துவிட்டு, அங்கீகரிக்கக் கூடாதென்றும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்ற இடுக்கு வழியாகத்தான் அந்த முடிவுக்குப் போனார். ஒரு நீதிபதி இவ்வளவு சுற்றி வர வேண்டியிருந்தது என்பதே பாதி என்ற விதி இல்லை என்பதற்குச் சாட்சி.

அப்படி ஒரு சட்டம் வர ஒரு முறை வாய்ப்பு வந்தது. 2010ஆம் ஆண்டு திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா. மீளமுடியாமல் முறிந்த திருமணத்தை விவாகரத்துக்குக் காரணமாக்கி, கூடவே கணவரின் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு கொடுக்கவும் அது முயன்றது. அளவை நீதிமன்றத்திடம் விட்டது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை, அடுத்த ஆண்டு அவை கலைந்தபோது காலாவதியானது. நிறைவேறாத அந்த மசோதாவின் செய்தித் தலைப்புகள்தான் பத்தாண்டு கடந்தும் நிறைவேறிய சட்டமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. திருமண காலத்தில் இருவர் உழைப்பில் சேர்ந்ததில் இருவருக்கும் பங்கு என்ற சட்டம் வேண்டும் என்பது என் கருத்து. அது வந்த பிறகு பயப்படுகிறவர்கள் பயப்படட்டும்.

வராத சட்டத்துக்குப் பயந்து செய்யும் காரியங்களில் தலையாயது, "கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் அம்மா பேர்ல மாத்திடு" என்ற யோசனை. மனைவிக்கு இல்லாத பாதியை இது காப்பாற்றப் போவதில்லை. ஜீவனாம்சத்தைக் குறைக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜீவனாம்சம் பற்றிய அந்த 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். திடீரென்று தாய்க்குப் போன மனையைப் பார்த்தால் நீதிபதிக்குக் காரணம் புரியாமல் போகாது. சம்பளமும் வாழும் நிலையும் எப்படியும் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் அம்மா பெயருக்குப் போன சொத்து அம்மாவுடையது. கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தை மகன் நினைத்தபோது ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அம்மா அதைக் கடைக்குட்டிக்கு உயில் எழுதலாம், கோயிலுக்கும் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடினால், அவர் பெயரில் உள்ளது எல்லாப் பிள்ளைகளுக்கும், அப்பா இருந்தால் அவருக்கும், சமமாகப் பிரியும். தவணை முழுக்கக் கட்டியவர் இவர் என்பது அங்கே எடுபடாது. மனைவியிடமிருந்து காப்பாற்றிய வீட்டில் தங்கையும் தம்பியும் பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது வரும் பாகப் பிரிவினை மட்டும் நிஜமான சட்டப்படி வரும்.